சுங்கை ஊஜோங்கில் ஆங்கில ஆட்சி நுழைந்த வரலாறு



சிரம்பானிலிருந்து கோலப் பிலாவுக்குச் செல்லும் பழைய மலைச்சாலையில் நம்மில் பலர் பயணம் செய்திருக்கிறோம். பாரோயைக் கடந்ததும் சாலை மேலே ஏறத் தொடங்கும். பேருந்து வளைந்து வளைந்து போகும். பிள்ளைகளுக்கு மயக்கம் வரும் என்று தாய்மார்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருப்பார்கள். அந்த மலைக்கணவாய்க்குப் புக்கிட் புத்துஸ் என்று பெயர். 1875-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ஆம் நாள் அங்கே ஒரு சண்டை நடந்தது. ஒருபுறம் மரக்கட்டைகளால் அரண் அமைத்துக் கொண்டு நின்ற மலாய் வீரர்கள். மறுபுறம் ஆங்கில அதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்பட்ட கூர்க்கா வீரர்கள்.

இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த படைக்கு நெகிரி செம்பிலானின் காட்டு மலையில் என்ன வேலை? பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டால் நாம் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், அந்தப் படை திறந்துவிட்ட வழியில்தான் பின்னர் இரயில் வந்தது, தோட்டம் வந்தது, நம் பாட்டன் பாட்டிமாரும் வந்தார்கள்.

கதையைச் சற்று முன்னாலிருந்து தொடங்குவோம். 1824-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி மலாக்கா ஆங்கிலேயரின் கைக்கு வந்தது. பினாங்கும் சிங்கப்பூரும் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. இந்த மூன்று துறைமுகங்களும் மலாக்கா நீரிணையின் ஓரத்தில் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் செல்லும் கப்பல்கள் இந்த நீரிணையைக் கடந்தாக வேண்டும். அபினும் துணியும் கிழக்கே போயின; தேயிலையும் பட்டும் மேற்கே வந்தன. அந்தக் கடல்வழியைக் காப்பதே ஆங்கிலேயரின் முதல் நோக்கமாக இருந்தது. கரைக்கு உள்ளே இருந்த மலாய் நாடுகளை ஆள்வதற்கு அவர்கள் அப்போது அவசரப்படவில்லை. ஆண்டால் செலவு, வாணிகம் மட்டும் செய்தால் இலாபம். அதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

ஆனால், மலாக்காவை அடுத்த நானிங்கில் அந்தக் கணக்கு ஒருமுறை தவறிப்போயிற்று. நானிங் இன்றைய அலோர் காஜா வட்டாரத்தில், நம் தம்பினுக்கு அண்டையில் இருக்கிறது. அங்கே டோல் சாயிட் என்னும் பெங்ஹுலு ஆண்டுவந்தார். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும் என்று ஆங்கிலேயர் கேட்டார்கள். அவர் மறுத்தார். 1831-இல் சுமார் 150 சிப்பாய்கள் அவரைப் பணியவைக்கச் சென்றார்கள். காட்டுவழியில் மலாய்க்காரர்கள் மரங்களை வெட்டிப் பாதையை அடைத்ததால், கொண்டுபோன பீரங்கிகளை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்கள். மறு ஆண்டு பெரும்படை சென்றது. 1832 ஜூன் மாதம் தாபோ என்னும் ஊர் விழுந்தது. பின்னர் டோல் சாயிட் சரணடைந்து, மலாக்காவில் ஓய்வுப்பணம் பெற்று வாழ்ந்தார். இந்தச் சண்டைக்கு ஆன செலவு ஏறக்குறைய 1 இலட்சம் பவுன் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். கேட்ட வரியோ அதன் பக்கத்தில் நிற்கவும் முடியாத சிறு தொகை.

நானிங்கில் போரிட்ட அந்தச் சிப்பாய்கள் யார்? சென்னைப் படையைச் சேர்ந்தவர்கள். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் அந்தப் படையில் இருந்தார்கள். ஆகவே, கித்தா மரம் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நம் மொழி பேசியவர்கள் கையில் துப்பாக்கியோடு இந்தக் காட்டில் நடந்திருக்கிறார்கள். அவர்கள் தாமாக வரவில்லை. மாதச் சம்பளத்துக்காகக் கம்பெனியாரிடம் சேர்ந்தவர்கள். அனுப்பிய இடத்துக்கு வந்தவர்கள்.

நானிங்கில் சூடுபட்ட ஆங்கிலேயர் அடுத்த நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் கரையிலேயே நின்றார்கள். அதற்குள் உலகம் மாறிவிட்டது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிருவாகத்திலிருந்து பிரிந்து, நேரே இலண்டன் குடியேற்ற அமைச்சின் கீழ் வந்தன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கும் கிழக்குக்கும் இடையே கப்பல் பயணம் மிகவும் சுருங்கியது. தகர டின்களில் உணவை அடைத்து விற்கும் தொழில் மேலை நாடுகளில் வளர்ந்தது. அந்தத் தகரத்துக்கு முலாம் பூச ஈயம் வேண்டும். ஈயம் எங்கே கிடைக்கும்? பேராவில், சிலாங்கூரில், நம் சுங்கை ஊஜோங்கில்.

சுங்கை ஊஜோங் என்பது இன்றைய சிரம்பான் வட்டாரம். அங்கே சீனத் தொழிலாளர்கள் சுரங்கங்களில் ஈயம் தோண்டினார்கள். மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்த வணிகர்கள் முன்பணமும் அரிசியும் அனுப்பினார்கள். தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றின் வழியே படகில் கடலுக்குப் போக வேண்டும். அந்த ஆற்றின் கரைகளில் பல தலைவர்கள் அரண் கட்டிச் சுங்கம் வாங்கினார்கள். ஒரே சரக்குக்குப் பல இடங்களில் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்ட மறுத்தால் படகு நகராது. வணிகர்களின் முறையீடு பொய்யன்று. தொல்லை உண்மையாகவே இருந்தது. ஆனால், அந்தச் சுங்கம்தான் அந்தத் தலைவர்களுக்குச் சோறு போட்டது என்பதும் உண்மை. ஆற்றைத் திறந்துவிடு என்று சொல்வது, உன் வருமானத்தை விட்டுவிடு என்று சொல்வதற்குச் சமம்.

இங்கே நெகிரி செம்பிலானின் பழைய ஆட்சி முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். மினாங்கபாவ் மக்கள் சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய நாடு இது. அவர்களுடைய அடாட் பெர்பாதே வழக்கப்படி, குடும்பச் சொத்து தாய்வழியில் மகளுக்குப் போகும். ஆட்சியும் ஒருவர் கையில் குவிந்திருக்கவில்லை. ஒவ்வொரு லுவாக்குக்கும் ஓர் உண்டாங் தலைவர் இருப்பார். அவர்களுக்கெல்லாம் மேலே மதிப்புக்குரியவராக யாம் துவான் ஸ்ரீ மெனாந்தியில் இருப்பார். சுங்கை ஊஜோங்கின் உண்டாங்குக்கு டத்தோ கிளானா என்று பட்டம். அவரோடு அதிகாரத்தையும் ஈய வருமானத்தையும் பங்கிட்டுக்கொண்ட இன்னொரு தலைவருக்கு டத்தோ பண்டார் என்று பட்டம். ஒரு நாட்டில் இரண்டு கை; இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை.

1873-இல் சையத் அப்துல் ரஹ்மான் டத்தோ கிளானாவாகப் பதவியில் இருந்தார். புதியவர், இளையவர். டத்தோ பண்டாராக இருந்த குலூப் துங்கால் மூத்தவர், செல்வாக்கு மிக்கவர், பணமும் உள்ளவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சர் ஆண்ட்ரூ கிளார்க் புதிய ஆளுநராகச் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மலாய் நாடுகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தரும்படி இலண்டன் அவருக்குச் சொல்லியிருந்தது. அவர் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோரில் பேராக் தலைவர்களோடு ஒப்பந்தம் முடித்தார். சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆங்கில ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அடுத்து நம் பக்கம் திரும்பினார். 1874 ஏப்ரல் 21-ஆம் நாள் டத்தோ கிளானாவோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டத்தோ கிளானா நாட்டை நல்ல முறையில் ஆள வேண்டும். லிங்கி ஆற்றை வாணிகத்துக்குத் திறந்து வைக்க வேண்டும். அதற்கு ஈடாக ஆங்கில அரசு அவருக்குப் பாதுகாப்புத் தரும். படித்தால் இரண்டு நண்பர்கள் கைகுலுக்குவது போலத்தான் இருக்கும். ஆனால், டத்தோ பண்டார் அதில் கையெழுத்திடவில்லை. நாட்டின் இரண்டு கைகளில் ஒரு கை மட்டுமே போட்ட கையெழுத்து அது. ஆங்கிலேயர் அந்த ஒரு கையையே முழு நாடாக எடுத்துக்கொண்டார்கள்.

இராஜதந்திரம் என்பது இதுதான். பகை இருக்கும் வீட்டில் யார் உதவி கேட்கிறார்களோ அவரோடு உறவு கொள்வது. பிறகு அவருடைய பகையைத் தன் பகையாக ஆக்கிக்கொள்வது. கடைசியில் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வது. உதவி கேட்ட டத்தோ கிளானா துரோகி அல்லர். தம்மைவிட வலிமையான ஒருவரைச் சமாளிக்க, இன்னும் வலிமையான ஒருவரைத் தேடினார். அந்த விருந்தாளி திரும்பிப் போகமாட்டார் என்பதை அன்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மே மாதமே ஆளுநர் போர்க்கப்பலோடு லிங்கிக்கு வந்தார். புக்கிட் தீகாவில் இருந்த அரண் அழிக்கப்பட்டது. ஆண்டின் கடைசியில் டத்தோ கிளானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் சண்டை மூண்டது. சீன மொழி தெரிந்த பிக்கரிங் என்னும் ஆங்கில அதிகாரி டத்தோ கிளானாவின் பக்கம் நின்றார். நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து படையும் வந்தது. டத்தோ பண்டார் தோற்றார். அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, ஓய்வுப்பணம் கொடுத்து அங்கேயே இருக்கச் செய்தார்கள். நானிங்கின் டோல் சாயிட்டுக்குச் செய்த அதே ஏற்பாடு. எதிரியைக் கொன்றால் வீரனாகிவிடுவான். பணம் கொடுத்துத் தூரத்தில் உட்காரவைத்தால் மெல்ல மறந்துபோவான். பேரரசின் பழக்கமான வழி அது.

இதன் பிறகு ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சுங்கை ஊஜோங்கில் நிலையாகத் தங்கலானார். அண்டையில் இருந்த ஸ்ரீ மெனாந்தியின் துங்கு அந்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். 1875 நவம்பர் 2-ஆம் நாள் பேராக்கின் முதல் ரெசிடெண்ட் பெர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் கொதித்தது. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்து குவிந்தன. இந்த வேளையில் டத்தோ கிளானாவின் ஆட்களும் ஆங்கிலேயரின் நில அளவைக்காரர்களும் எல்லையை ஒட்டிய தெராச்சிப் பக்கம் சென்றார்கள். நிலத்தை அளக்க வருகிறவன் நாளை அதைக் கேட்பான் என்று துங்கு அந்தா நினைத்திருந்தால், அதைத் தவறென்று சொல்ல முடியாது. அவருடைய வீரர்கள் எதிர்த்தார்கள். புக்கிட் புத்துஸ் கணவாயைத் தாண்டிப் பாரோய் வரை வந்து அரண் அமைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பாரோயில் கடும் சண்டை நடந்தது. மலாய் வீரர்கள் கணவாய்க்குப் பின்வாங்கினார்கள்.

அதன் பிறகுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன டிசம்பர் 20-ஆம் நாள் வந்தது. கணவாயில் இருந்த அரண் எவ்வளவு பலமானது என்று பார்த்து வரும்படி கேப்டன் சானர் என்பவரைச் சில கூர்க்கா வீரர்களோடு அனுப்பினார்கள். சுற்றிலும் மூங்கில் வேலி. அதற்குள்ளே துப்பாக்கி நீட்டத் துளைகள் விட்ட மரக்கட்டை வீடு. இரண்டடிக் கனத்துக்கு அடுக்கிய மரங்கள். நேரே மோதினால் பலர் மாண்டிருப்பார்கள். ஆனால், சானர் காட்டுவழியாகச் சுற்றிப் பின்புறம் போய்ப் பார்த்தபோது, உள்ளே இருந்தவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். காவல் சரியாக இல்லை. ஓசையில்லாமல் நெருங்கி உள்ளே குதித்தார். அரண் விழுந்தது. அடுப்பில் இருந்த சோறு அடுப்பிலேயே இருந்திருக்கும்.

இதற்காகச் சானருக்கு விக்டோரியா சிலுவை என்னும் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்தது. கூடவே சென்ற கூர்க்கா வீரர்களுக்கு அந்தப் பதக்கம் கிடைக்க வழியே இல்லை. இந்தியப் படையின் சிப்பாய்களுக்கு விக்டோரியா சிலுவை பெறும் உரிமை 1911-ஆம் ஆண்டுதான் வந்தது. ஒரே மலையில் ஏறினார்கள். ஒரே அரணுக்குள் நுழைந்தார்கள். ஆனால் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை. தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இந்தத் தராசு புதிதன்று.

படை ஸ்ரீ மெனாந்திக்குள் நுழைந்தது. அங்கிருந்த அரண்மனை எரிக்கப்பட்டது. துங்கு அந்தா தப்பிச் சென்றார். ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கார் இடையில் நின்று சமரசம் பேசினார். 1876 நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. துங்கு அந்தாவை ஸ்ரீ மெனாந்தியின் யாம் துவானாக ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டார்கள். சுங்கை ஊஜோங் அவருடைய எல்லைக்கு வெளியே ஆங்கிலேயரின் பிடியிலேயே இருந்தது. பிறகு ஒவ்வொரு லுவாக்கும் ஒவ்வோர் ஒப்பந்தமாக அவர்களுடைய செல்வாக்குக்குள் வந்தது. 1895-இல் எல்லாம் ஒரே ரெசிடெண்டின் கீழ் சேர்ந்தன. 1896 ஜூலை 1-ஆம் நாள் பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றோடு நெகிரி செம்பிலானும் ஐக்கிய மலாய் நாடுகளில் இணைந்தது. ஆற்றுச் சுங்கத்தில் தொடங்கிய வழக்கு இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் ஆட்சியை விழுங்கிவிட்டது.

இனி நம் கதைக்கு வருவோம். போர் ஓய்ந்த பிறகு முதலாளிகள் துணிந்து பணம் போட்டார்கள். 1891-இல் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. லிங்கி ஆற்றுக்காக நடந்த சண்டையின் முடிவில், அந்த ஆறே தேவைப்படாமல் போயிற்று. ஈயம் இரயிலில் போனது. காடுகள் அழிந்தன. முதலில் காப்பி வந்தது. அது நொடித்தபோது கித்தா வந்தது. காட்டை வெட்டவும் பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டபோது தமிழ்நாட்டின் கிராமங்கள் நினைவுக்கு வந்தன. 1907-இல் ஆள் சேர்க்கும் செலவுக்காகவே ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நின்றது; கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம்மவர்கள் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களிடமும் ஒரு காகிதம் நீட்டப்பட்டது. அதிலும் நல்ல சொற்களே இருந்தன. வேலை உண்டு, கூலி உண்டு, வீடு உண்டு. பெருவிரல் ரேகையை வைத்த பிறகுதான், முன்பணம் என்பது கடன் என்றும், கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது என்றும் பலருக்கு விளங்கியது. டத்தோ கிளானாவின் ஒப்பந்தத்தில் இருந்த பாதுகாப்பு என்ற சொல்லும், கங்காணியின் வாயில் இருந்த வேலை என்ற சொல்லும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்கும் உரிமை, அதை எழுதியவனிடமே இருந்தது.

இதனால்தான் பழைய போர்க் கதையை நாம் இன்று எடுத்துச் சொல்கிறோம். தோட்டம் கைமாறும்போது நம் வீட்டுக்குக் கடிதம் வருகிறது. வீட்டைக் காலி செய்ய, இழப்பீடு பெற்றுக்கொள்ள, இடம் மாற ஒப்புதல் கேட்டுக் காகிதம் வருகிறது. கையெழுத்திடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். இதை எழுதியவர் யார்? இதில் வரும் சொல்லுக்குப் பொருள் சொல்லப்போகிறவர் யார்? கையெழுத்திட வேண்டியவர்களில் யாரை விட்டுவிட்டார்கள்? 1874-இல் இந்த மூன்றாவது கேள்வியைச் சுங்கை ஊஜோங் முழுவதும் சேர்ந்து கேட்டிருந்தால் வரலாறு மாறியிருக்குமோ என்னவோ, குறைந்தது அவ்வளவு எளிதாக ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தை வீழ்த்தியிருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிக் கொடுப்போம். நம் அண்டை வீட்டு மலாய்க்காரரின் முன்னோர்கள் அந்தக் கணவாயில் இழந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர்களை வெல்ல இந்தியாவிலிருந்து சிப்பாயைக் கொண்டுவந்த அதே பேரரசுதான், காட்டை வெட்ட நம்மையும் கொண்டுவந்தது. சிப்பாய் வந்ததில் நமக்குப் பெருமையும் வேண்டாம், கூலியாக வந்ததில் நமக்குச் சிறுமையும் வேண்டாம். இரண்டையும் அறிந்தவர்களாக அவர்களோடு ஒரே நாட்டில் வாழ்ந்தால் போதும்.

எரிந்துபோன அரண்மனைக்குப் பதிலாக ஸ்ரீ மெனாந்தியில் 1908-இல் புதிய அரண்மனை கட்டி முடிக்கப்பட்டது. ஆணி அடிக்காமல், 99 தூண்களின் மேல் மரத்தால் எழுப்பிய மாளிகை. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். அதில் இருக்கும் முகம் துவாங்கு அப்துல் ரஹ்மானுடையது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது முதல் மாமன்னராக வந்தவர். புக்கிட் புத்துஸில் தோற்றுப்போன துங்கு அந்தாவின் பேரன் அவர்.